திரும்பாத காற்று

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் நாச்சிமுத்து. என் மனைவி பாவாயியின் அண்ணன். அவனுக்கு அப்புறம் செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஆரம்பித்து வைத்தவன் அவன்தான். இன்றைக்கு அவன் என் இடது பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான். நடுவில் மூன்று அடிகூட இல்லை. இரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில்தான் இரண்டு பேருக்கும் டயாலிசிஸ். அவனுக்குக் காலை ஆறு மணி, எனக்குப் பகல் பன்னிரண்டு. நான் சீக்கிரமே வந்து காத்திருக்கிறபோது அவன் வெளியே போவான். நான் சுவரில் ஒட்டியிருக்கிற கை கழுவும் படத்தைப் பார்ப்பேன், அவன் தன் செருப்பைப் பார்ப்பான். எங்கள் உறவு அவ்வளவுதான். இன்று காலையில் அவன் பேரனுக்குக் காதுகுத்து, அதனால் நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறான், சிஸ்டர் கோகிலாவும் சரியென்று என் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும். காதுகுத்துக்குப் பாவாயி போயிருக்கிறாள், எனக்கு அழைப்பு இல்லை. நாலு மணிக்கு அங்கிருந்து நேராக இங்கே வருவாள். வலது பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்றால் முடியாது, இடது கையில் இரண்டு ஊசி இருக்கிறது, ஒன்று இரத்தத்தை எடுக்க, இன்னொன்று திருப்பிக் கொடுக்க. கை நீட்டியபடியே இருக்க வேண்டும். நீட்டினால் அவன் பக்கம்தான் நீளும். அவனுக்கு வலது கையில் ஊசி, அவன் கை என் பக்கம் நீண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் இரண்டு கிழவர்கள் கை கொடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். மணி இப்போது ஒன்று ஐந்து. இன்னும் மூன்று மணி நேரம், கொஞ்சம் குறைவு. எழுந்து போக முடியாது, அவனும் போக முடியாது, மெஷினில் இரத்தத்தைத் தள்ளுகிற அந்தச் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவனுடையதும் சுற்றுகிறது, என்னுடையதை விடக் கொஞ்சம் வேகமாக. அதைக்கூட நான் கவனித்துவிட்டேன் பாருங்கள். இருமுகிறான். முன்பெல்லாம் அந்த இருமல் நாலு காடு தள்ளிக் கேட்கும், இப்போது கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருக்கிறது. சாகப்போகிறானோ. சாகக்கூடாது. அவன் பாவாயி முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாமல் போய்விட்டால் அப்புறம் யார் சொல்வது, அதற்கு வேறு சாட்சி கிடையாது.

டிவி எனக்கு நேர் எதிரே இருக்கிறது. அதையாவது பார்க்கலாம். காலையிலிருந்து ஒரே செய்தி. ரஷ்யாவில் வானத்திலிருந்து ஒரு கல் எரிந்துகொண்டே வந்து வெடித்துவிட்டதாம், ஊர் பூராவும் ஜன்னல் கண்ணாடி உடைந்து ஆயிரம் பேருக்கு மேல் காயம். வெளிச்சம் தெரிந்ததும் என்னவென்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு வந்து நின்றிருக்கிறார்கள், சத்தம் அப்புறம்தான் வந்திருக்கிறது, கண்ணாடி முகத்தில் விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்தவனுக்குத்தான் அடி. இன்று இரவு இன்னொரு பெரிய கல், சிறுகோள் என்கிறார்கள், பூமிக்கு வெகு பக்கத்தில் வந்து தொடாமல் போய்விடுமாம். அது ஒரு வருடமாகத் தெரிந்த கல், நேரம் நிமிடம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். காலையில் விழுந்தது ஒருவருக்கும் தெரியாமல் வந்த கல். இரண்டுக்கும் நடுவில் பதினாறு மணி நேரம். சென்னையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியரை உட்கார வைத்து டிவிக்காரப் பையன் கேட்கிறான், "சார், சின்னக் கல்லு காலையில விழுது, பெரிய கல்லு ராத்திரி கடந்து போகுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையா?" பேராசிரியர் பொறுமையாகச் சொல்கிறார். பெரிய கல்லோடு உடைந்த சின்னக் கற்கள் சேர்ந்து வருவது உண்டு, முன்னாலும் வரும் பின்னாலும் வரும், அதனால் சந்தேகம் வந்தது நியாயம்தான். ஆனால் திசையைப் பார்க்க வேண்டும். பெரியது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. விழுந்தது வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. ஆகவே சம்பந்தம் இல்லை, ஒரே நாளில் நடந்தது தற்செயல். பையன் விடவில்லை. "மக்கள் எப்படி சார் நம்புவாங்க?" "ஒரே நாள்ல உங்க வீட்ல கல்யாணம், எதிர்வீட்ல சாவு. ரெண்டுக்கும் சம்பந்தமா?" "எங்க ஊர்ல சம்பந்தம்னுதான் சார் சொல்லுவாங்க." வார்டில் யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தான், மூச்சு விடுகிற சத்தம் மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு மணி நேரம் என்பதிலேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் நாலு, அஞ்சு, ஆறு என்று விரலை மடக்கினேன், வலது கை விரல், அதற்குத்தான் விடுதலை. பன்னிரண்டுக்கு வந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துக் காலை எட்டு. பதினாறு. சரியாகப் பதினாறு. எனக்கு அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை, ஆனால் இந்தக் கணக்கு தப்பாது, பத்தொன்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிற கணக்கு.

அப்போது நாச்சிமுத்து ரிக் வண்டி வைத்திருந்தான், ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி. நான் அதில் டிரில்லர், லீவர் பிடிக்கிறவன். மகாராஷ்டிரா, ஒரிசா எல்லாம் போய் ஓட்டியிருக்கிறேன், பாறையின் நிறத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே என்ன கல் என்று சொல்லுவேன், அதை யாரும் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காங்கயத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காடு. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துக் காலையில் ஆரம்பித்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு இருநூற்றுப் பத்து அடியில், குழாய் நுனியில் பாறையை உடைக்கிற ஹேமர் சொத்தென்று ஒரு முழம் இறங்கியது. பாறையில் சந்து. சந்து வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, தண்ணீர்கூடக் கிடைக்கும். ஆனால் காற்று திரும்பவில்லை. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக உள்ளே போகிற காற்று, கல்தூளை அள்ளிக்கொண்டு அதே குழி வழியாக மேலே வர வேண்டும், அந்தப் புழுதியைப் பார்த்துத்தான் நாங்கள் ஓட்டுவோம். புழுதி நின்றுவிட்டது. சுற்றி நின்ற ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது, புழுதி அடங்கியது நல்லது என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். அவ்வளவு காற்றும் எங்கேயோ பக்கவாட்டில் போகிறது. பக்கத்துக் காட்டில், நான் எட்டு வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாற்பத்தாறு எட்டில் ஒரு பழைய கிணறு இருந்தது, கல்லுக் கட்டினது. நான் வண்டியை விட்டு இறங்கினேன். இறங்கி நடந்தேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு நாச்சிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான், வெள்ளை வேட்டி, தொடையில் ஒரு சொட்டு டீ சிந்தியிருந்தது. காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "மச்சான், காத்து திரும்பல, நிறுத்தீரலாமுங்களா" என்றேன். அவன் டம்ளரை ஆட்டி அடியில் இருந்த சக்கரையைக் கலக்கினான். "இன்னும் பத்து அடி பாருங்க" என்றான். திரும்பி வந்து பத்து அடி ஓட்டினேன். அரை மணி நேரம். அவ்வளவு காற்றையும் மண்ணுக்குள் விட்டேன். அப்புறமும் புழுதி வரவில்லை, தண்ணீரும் வரவில்லை, நிறுத்திவிட்டோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வண்டிக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓடவில்லை, அதை மறந்துவிடாதீர்கள், கம்ப்ரசர் சாவியைக்கூடத் திருப்பவில்லை. பக்கத்துக் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள், சடையன் என்கிற ஆள் உள்ளே இருந்தான், மேலே இருவர் கூடை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு கல் விழுகிற சத்தம். அப்புறம் ஒரு வீடு விழுகிற சத்தம். அப்புறம் அந்த இருவரும் கத்திய கத்தல். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் போலீஸிடமும் சொன்னேன், பாவாயியிடமும் சொன்னேன், இத்தனை நாள் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது இந்தப் பேராசிரியர் திசை திசை என்கிறார்.

மெஷின் கத்தியது. கையை மடக்கிவிட்டேன் போலிருக்கிறது. சிஸ்டர் கோகிலா வந்து ஏதோ ஒரு பித்தானை அழுத்தி, "தாத்தா, நேத்துத்தான் சொன்ன மாதிரி இருக்குது, கைய ஆட்டாதீங்கன்னு. கல்லு உங்க தலைலயா உளுகப்போவுது?" என்றது. "தலைல உளுந்தாத் தேவலை." "உளுகாது, அதெல்லாம் வசதியானவங்க ஊருக்குத்தான் போவும்" என்று சிரித்துவிட்டுப் போனது. நல்ல பெண். கிணறு சரிந்த அன்றைக்கு ஊரே வண்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டது, சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். பக்கத்தில் துளை போட்டான், கிணறு சரிந்தது, ஆள் செத்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது அவர்களுக்கு. நான் வாயைத் திறக்கும் முன்னால் நாச்சிமுத்து கம்ப்ரசர் லாரிப் படியில் ஏறி நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "கெணத்துக்குப் பக்கத்துல இருக்குது, போதும் நிறுத்துங்கன்னு நேத்தே சொன்னனுங்க. இவருதான் கேக்காம இன்னும் பத்து அடின்னு ஓட்டுனாரு." அதே பத்து அடி. தன் வாயிலிருந்து எடுத்து என் வாயில் வைத்தான். நான் சொல்லியிருக்கலாம். நான்தான் நிறுத்தலாம் என்றேன், இவன்தான் ஓட்டச் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். ஏன் நிறுத்தலாம் என்றாய் என்று கேட்பார்கள். காற்று திரும்பவில்லை என்பேன். காற்று எங்கே போனது என்பார்கள். அதோடு முடிந்தது, இரண்டு பேரையும் அந்த வேப்பமரத்திலேயே கட்டிவைத்திருப்பார்கள். அவன் பொய்யை உடைக்க வேண்டுமென்றால் நான் என்னை முதலில் உடைக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும், அந்தப் படியில் ஏறுகிறபோதே தெரியும். நான் சும்மா நின்றேன். இரண்டு அறை வாங்கினேன், ஒன்று சடையனின் அக்கா கொடுத்தது, அது வலிக்கவில்லை, அது நியாயமான அறை. வண்டியை விட்டுவிட்டார்கள். என்னை நாச்சிமுத்து வேலையை விட்டு அனுப்பிவிட்டான். வழக்கு நிற்கவில்லை, நிரூபிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கிணற்றைச் சரித்தவன் என்று பேர் வந்துவிட்டால், ஊரெல்லாம் ரிக் வண்டி இருக்கிற திருச்செங்கோட்டில் எவன் லீவரைக் கையில் கொடுப்பான். நூல் மில்லில் கேட் வாட்ச்மேன், பதினைந்து வருடம். பாவாயி ஒரே ஒருமுறைதான் கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே, "அண்ணன் வேண்டாம்னு சொல்லியும் ஏனுங்க ஓட்டுனீங்க?" என்றாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். அவளும் ஊற்றினாள். அன்றிலிருந்து அவள் என் கையைப் பார்த்துத்தான் சோறு போடுகிறாள், முகத்தைப் பார்த்துப் போடுவதில்லை. சம்பந்தம் இல்லை என்று பேராசிரியர் சொன்னதும் எனக்கு முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பதினாறு மணி நேரம் என்பது ஒன்றுமில்லை, தற்செயல், கிணறு பழசு, தானாகச் சரிந்தது. அப்படியானால் சடையன் என்னால் சாகவில்லை. நல்லது. அப்படியானால் அந்தப் பத்து அடியும் சும்மா பத்து அடிதான், யார் சொன்னால் என்ன, நாச்சிமுத்து அதை என் மேல் போட்டதும் ஒன்றுமில்லாத ஒன்றைப் போட்டதுதான். அதுவும் கூடாது. அதை நான் விடமாட்டேன். ஒன்றுமில்லாததற்கா பதினைந்து வருடம் கேட்டில் நின்றேன். இரண்டு கல்லும் சம்பந்தம் இல்லாமலும் இருக்க வேண்டும், இருக்கவும் வேண்டும். இப்படி நினைக்கிறவனுக்குப் பைத்தியம் என்று பேர். சரி, திசை. திசையைப் பார்த்துவிட்டால் போகிறது. அன்றைக்கு எட்டிப் பார்த்தேன். பார்த்தேன், போதுமா. கல்லுக் கட்டு மூன்று பக்கம் அப்படியே நின்றது, இடுக்கில் முளைத்த அரசஞ்செடிகூட அசையாமல் நின்றது. சரிந்தது கிழக்குப் பக்கம். நாங்கள் துளை போட்டது கிணற்றுக்குக் கிழக்கே.

மணி மூன்று இருபது. டிவியில் மறுபடி அதே வெள்ளைக் கோடு வானத்தில் போகிறது, கண்ணாடி மறுபடி உடைகிறது. "ஏனுங் மாப்ள" என்று ஒரு குரல். பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம். நான் டிவியைப் பார்த்தபடியே இருந்தேன். "கேட்டீங்களா, அது வேற, இது வேறயாமா." திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்தேன். "காது கேக்குதுங்களா?" "கேக்குது." "காதுகுத்துக்குப் பாவாயி வந்திருந்தா. நல்லாச் சாப்புட்டா." "செரி." "உங்களையும் கூப்புட்டிருக்கோணும்." "கூப்புடல." "கூப்புட்டா வந்திருப்பீங்களா?" "மாட்டன்." "அப்பறம் எதுக்கு ஒரு பத்திரிகைய வீணாக்கறது" என்று சிரித்தான், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. நான் காத்திருந்தேன். சக்கரம் சுற்றுகிறது. என் இரத்தம் வெளியே போய் வருகிறது, எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடுகிறது. "பத்து அடி யாருங்க சொன்னது?" என்று கேட்டேன். எந்தப் பத்து அடி என்று கேட்பான், மறந்துவிட்டேன் என்பான் என்றுதான் நினைத்தேன், அதற்குப் பதிலெல்லாம் பல வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சொன்னன்" என்றான். சாதாரணமாகச் சொல்லிவிட்டான், என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி. "அதுக்கென்ன இப்ப. காத்து எங்க போச்சுன்னு நீங்க பாத்தீங்களா, நான் பாத்தனா? பூமிக்குள்ள ஆயிரம் சந்து. அதான் டிவில வாத்தியாரு சொல்றாரே." "கெணத்துல எந்தப் பக்கம் உளுந்துச்சு தெரியுமுங்களா?" "நான் எட்டியே பாக்கல." "நான் பாத்தன்." "பாத்தது உங்களோடயே இருக்கட்டும் மாப்ள" என்றான், கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இருக்கட்டும். பாவாயிகிட்டச் சொல்லுங்க. நிறுத்தலாம்னு சொன்னது நான், ஓட்டச் சொன்னது நீங்க. அது ஒண்ணு போதும்." "எதுக்கு நிறுத்தலாம்னு சொன்னீங்கன்னு அவ கேப்பாளே." "கேக்கட்டும்." "அப்ப யாரு சொல்றது, நீங்களா நானா?" நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு, உடனே நான் சொல்லுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நாலு விநாடியை அவன் பார்த்துவிட்டான். "செரி, வரட்டும். சொல்றன்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அப்புறம் இருந்த அரை மணி நேரம் எனக்கு வார்டு தெரியவில்லை. பாவாயி என்ன செய்வாள் என்றே போய்க்கொண்டிருந்தது மனது. முதலில் நம்ப மாட்டாள். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். அங்கே வந்ததும் நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. காற்று எங்கே போச்சுங்க என்று கேட்டால்? தெரியாது என்பேன். கிழக்குப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டுமா. அவளுக்கு அண்ணன் பொய்யன் என்று தெரிந்து, புருஷன் ஒரு ஆளைச் சாகடித்தவன் என்றும் ஒரே நிமிடத்தில் தெரிந்தால், அவள் அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் எங்கே நிற்பாள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கதவு திறந்தது. பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் எனக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிற பை, எனக்கு ஆகாது என்று தெரிந்தும். இரண்டு கட்டிலையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணனைப் பக்கத்துலயா போட்டிருக்கறாங்க?" என்றாள் சிஸ்டரிடம். அப்புறம் எங்கள் இருவரிடமும் பொதுவாக, "பேசுனீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் ஒரு ஆசை இருந்தது, நான் அதை எதிர்பார்க்கவில்லை. "பேசுனம்" என்றான் நாச்சிமுத்து. கண்ணைத் திறந்திருந்தான். "பாவாயி." "என்னண்ணா?" அவன் வாய் திறந்தபடியே இருந்தது. நான் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறி இறங்கியது. அவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள், எங்கள் இரண்டு நீட்டிய கைகளுக்கும் நடுவில், சேலை ஊசியில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு. "மாப்ளைக்கு" என்றான். நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டியிருக்க வேண்டும், ஆம் சொல்லுங்கள் என்று ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். என் தலை ஆடவில்லை. "மாப்ளைக்குக் காலு பிடிச்சுக்கிச்சாமா. கொஞ்சம் தேச்சு உடு" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பாவாயி பையைக் கீழே வைத்தாள். "எந்தக் காலுங்க?" எனக்கு ஒரு காலும் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் பிடரியைப் பார்த்தேன், சட்டைக் கழுத்து ஈரமாக ஒட்டியிருந்தது. அவன் சொல்லவில்லை, பத்தொன்பது வருடம் கழித்து என் காதில் மட்டும் சொன்னான், அது கணக்கில் சேராது. திங்கட்கிழமை அவன் மறுபடி காலை ஆறு மணி முறைக்குப் போய்விடுவான். போகட்டும், ஐந்தரைக்கே வந்து வெளியே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், எத்தனை திங்கட்கிழமை ஆனாலும். "வலது" என்றேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வலிக்காத காலை எடுத்து மடியில் வைத்துக் கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்தாள். அவள் கை சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "போதுமுங்களா?" என்றாள். நான் நாச்சிமுத்துவின் பிடரியைப் பார்த்தபடியே, போதவில்லை என்றேன்.